நின்று குளிர்காய்வதா, புறப்பட்டுப் போவதா?

வாசிக்க: யோவான் 18:15-27, அப்போஸ்தலர் 1:4-14, 2:14-15



ரொறன்ரோவில் தை மாதம் வந்தால் அதிகாலை ஜெபத்துக்கு வராதவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "பிரதர், கார் ஸ்டார்ட் வரேல்லை." வாகனம் திருத்துவது என் தொழில், ஆனபடியால் நான் நம்புகிறேன்! மைனஸ் 18 பாகையில் பற்றரியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒயிலும் தடித்துப்போகும். பலம் குறைந்த நேரத்தில்தான் அதற்குக் கூடின வேலை. லைற், ஹீற்றர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். 10 விநாடிக்குமேல் விடாமல் முயல வேண்டாம். ஒரு நிமிஷம் பொறுத்துத் திரும்பப் பாருங்கள்.

ஸ்டார்ட் வந்தபின்புதான் கனபேர் தவறுகிறார்கள். காரை ஓடவிட்டு, வீட்டுக்குள் போய்த் தேத்தண்ணி குடித்து, கால் மணித்தியாலம் கழித்து வருவார்கள். பழைய காபரேற்றர் வண்டிக்கு அது சரி. இப்போதைய பெற்றோல் வண்டிக்கு அரை நிமிஷம், கடுங்குளிரென்றால் இரண்டு மூன்று நிமிஷம் போதும். கண்ணாடியில் பனியைச் சுரண்டவே அந்த நேரம் போய்விடும். நின்றபடி ஓடும் எஞ்சின் சீக்கிரம் சூடாகாது. எரியாத பெற்றோலும் ஒயிலில் கலக்கும். மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால்தான் எஞ்சினும் கியர்பெட்டியும் டயரும் சேர்ந்து சூடேறும்.

பேதுருவைப் பாருங்கள். குளிரான இராத்திரி. ஆண்டவருக்குப் பின்னே வந்தவன் பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் கரிநெருப்பண்டை நின்றுவிட்டான். உடம்புக்குச் சூடு கிடைத்தது. அங்கே நின்றுதான் ஆண்டவரை மறுதலித்தான்.

வீட்டுக் கராஜுக்குள் காரைச் சூடாக்குவதும் இப்படியான ஆபத்தே. கதவு திறந்திருந்தாலும் செய்யாதேயுங்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பிள்ளைகளை முன்னதாக ஏற்றி இருத்திவிட்டால், தூங்குகிறார்கள் என்றே நினைப்பீர்கள். வெளியே நிறுத்தினாலும் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியானால் காத்திருக்கவே வேண்டாமா? வேண்டும். கீழே கிடக்கிற ஒயில் எஞ்சினின் தலைமட்டும் ஏறவேண்டும். (ஆரோனுக்குத் தைலம் மேலிருந்து இறங்கிற்று, எஞ்சினுக்குக் கீழிருந்து ஏறுகிறது!) அதற்குமுன் மிதித்தால் இரும்போடு இரும்பு தேயும். எண்ணெய் இல்லாமல் புறப்படக்கூடாதென்றுதான் ஆண்டவர் சீஷரை எருசலேமில் காத்திருக்கச் சொன்னார். அவர் பரமேறினபின் ஏறக்குறைய 10 நாள் ஜெபத்தில் தரித்திருந்தார்கள். அபிஷேகம் வந்த அன்றே, காலை 9 மணிக்கே, அதே பேதுரு ஜனங்களுக்கு முன்பாக நின்று பேசினான். இன்னும் கொஞ்சம் சூடேறட்டும் என்று மேல்வீட்டில் தங்கவில்லை.

நம்மில் சிலர் வருஷக்கணக்காக எழுப்புதல் கூட்டங்களுக்கு மாத்திரம் வருகிறோம். ஊழியத்துக்குக் கூப்பிட்டால், "அந்த அனல் இன்னும் வரேல்லை பிரதர்" என்கிறோம். பிரியமானவர்களே, ஸ்காபரோவில் கார் இல்லாத வயதான விசுவாசிகள் ஞாயிறு காலையில் பஸ் தரிப்பில் விறைத்துப்போய் நிற்கிறார்கள். சனி இரவே ஒருவருக்கு ஃபோன் பண்ணி, எத்தனை மணிக்கு ஏற்ற வருவீர்கள் என்று சொல்லுங்கள். பிளாக் ஹீற்றர் உள்ளவர்கள், புறப்பட இரண்டு மணித்தியாலம் முன்னே அது வேலைசெய்யும்படி டைமரையும் வைத்துவிட்டுப் படுங்கள்.