காற்றை அளக்காத கணினி

மாணவர்களே, 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 5 லிட்டர் வி8 இஞ்சின். கார்புரேட்டர் இல்லை, கணினி சொல்லும் அளவுக்கு இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும். கூடுதல் வலு வேண்டி, உரிமையாளர் கேம்ஷாஃப்டை மாற்றுகிறார். வால்வுகளைத் திறந்து மூடுவது அதுதான். புதியது அவற்றை அதிக நேரம் திறந்து வைக்கும். வண்டியைக் கிளப்பினால் நின்ற இடத்திலேயே குலுங்குகிறது. கரும்புகை, பெட்ரோல் வாடை! பொருத்தியதில் தவறே இல்லை.

1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று தேவை. ஆனால் இவ்வண்டியில் காற்றின் அளவை நேரடியாக அறியும் உணரி கிடையாது. உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம், காற்றின் வெப்பநிலை, இஞ்சினின் சுழற்சி வேகம் ஆகியவற்றை வைத்துக் கணினி கணக்குப் போடுகிறது. நீங்கள் படிவம் 4-இல் படிக்கும் வாயு விதிகள்தாம்.

நாமும் போட்டுப் பார்ப்போம். மிதியை முழுதாக அழுத்தியிருக்கிறோம். நிமிடத்திற்கு 3000 சுற்று. நான்கு வீச்சு இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் 5 லிட்டரை இழுக்கும். 1500 × 5 = 7500 லிட்டர். 1 லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம் என்றால், மொத்தம் 9 கிலோகிராம். சிலிண்டர்கள் முழுதாக நிரம்புவதில்லை. 80 விழுக்காடு எனக் கொண்டால் 7.2 கிலோகிராம் காற்று, சுமார் 490 கிராம் பெட்ரோல்.

அந்த விழுக்காட்டில்தான் சிக்கல். அது பழைய கேம்ஷாஃப்டுக்காகத் தயாரிப்பாளர் கணினியில் பதித்த அட்டவணை. புதியதிலோ உள்வரும் வால்வும் வெளியேற்றும் வால்வும் சேர்ந்தே திறந்திருக்கும் நேரம் கூடுகிறது. மெதுவாக ஓடும்போது எரிந்த வாயு பின்னோக்கி வந்து உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தத்தை உயர்த்த, வண்டியில் பாரம் ஏறிவிட்டது என்று நினைத்துக் கணினி பெட்ரோலை அள்ளி ஊற்றுகிறது. வேகமாகச் சுழலும்போது நேரெதிர். காற்று அட்டவணையைவிட அதிகம், பெட்ரோல் போதாது. கரும்புகையைவிட இதுவே ஆபத்து. பாரத்தோடு மேடு ஏறும்போது பிஸ்டனே பழுதாகலாம். புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரி காப்பாற்றாதா? ஓரளவுக்குத் திருத்தும். மிதியை முழுதாக அழுத்தினால் கணினி அதன் பேச்சைக் கேட்பதில்லை.

இதே நிறுவனத்தின் 1989 மஸ்டாங் 5 லிட்டர் காரில் காற்றின் பொருண்மையையே அளக்கும் உணரி உண்டு. சூடாக்கிய மெல்லிய கம்பியைக் காற்று குளிர்விக்கும். சூடு குறையாமலிருக்கத் தேவைப்படும் மின்னோட்டமே காற்றின் அளவைச் சொல்லிவிடும். அதைப் பிக்கப்பில் பொருத்துவோர் பலர். உணரியை மட்டும் மாட்டிப் பயனில்லை. அதைப் புரிந்துகொள்ளும் கணினியும் மின்கம்பி இணைப்புகளும் வேண்டும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 5000 சுற்றில் அட்டவணை 80 விழுக்காடு என்கிறது, உண்மையில் 90. நிமிடத்திற்கு எத்தனை கிராம் பெட்ரோல் குறையும்?

(விடை: சுமார் 102 கிராம்)