கொல்லைப்புறத்துப் பறவைகள்

திருவொற்றியூர்

அன்பு மகளே,

நீ பைனாகுலர் வாங்கிவிட்டதாக அண்ணி போனில் சொன்னார்கள். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறாயாமே, போய் வா. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் அந்த இடத்தில் நீர் வற்றும் நேரமாகப் பார்த்து நில். நெடுங்கால் உள்ளான் சேற்றைக் கிளறும், கூழைக்கடா மிதக்கும், எல்லாவற்றுக்கும் பின்னால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி நிற்கும். வேடந்தாங்கலின் பச்சை அங்கே கிடையாது. எனக்கென்னவோ அந்த இடம்தான் பிடிக்கும்.

பறவைகளைப் பற்றிப் புத்தகம் சொல்லும். நான் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் தடவை போனபோது, பறந்துபோன ஆலா ஒன்றின் பின்னாலேயே பைனாகுலரைத் திருப்பிக்கொண்டு போனேன். அது தாழ்ந்து பறந்த இடம் ஒரு வீட்டுக் கொல்லை. ஓலைத் தட்டிக்குப் பின்னால் யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று இறக்கிவிட்டேன். ஆனால் மீன்கூடையோடு வந்த கிழவி பார்த்துவிட்டார். "இன்னாய்யா, குருவி பாக்க வந்தியா, கொல்லயப் பாக்க வந்தியா?" என்றார். வாய் திறக்க முடியவில்லை. நமக்கு நீர்நிலையாகத் தெரிவது அவர்களுக்குக் கொல்லைப்புறம், வேலை செய்யும் இடமும் அதுதான். விடியற்காலையில் அங்கே என்னென்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கேமராவைக் கண்டாலே அங்கே முகம் சுருங்கும். அதற்கும் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. இறகில் எண்ணெய் அப்பிய கூழைக்கடாவின் படம் ஊரெல்லாம் சுற்றியது. அதே நீரில் மீனவர்கள் வாளியாலும் மக்காலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். படகும் வலையும் பாழான பிறகு அவர்களுக்குக் கிடைத்த வேலை அது. பறவைக்காகப் பதறியது தப்பென்று சொல்லவில்லை. பறவையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்களை அந்தக் கரை மறக்கவில்லை.

அதனால் போனதும் பைனாகுலரைத் தூக்காதே. வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம், "அண்ணே, பறவை பாக்க வந்திருக்கேன், இங்க நிக்கலாமா?" என்று கேள். பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் வேறு கரை பார். கேட்பவர்களுக்குப் பைனாகுலரைக் கொடு, பிள்ளைகளுக்கு முதலில். கடலில் ஆலாக் கூட்டம் வட்டமடித்தால் கீழே மீன் இருக்கிறது என்று படிக்கிறவர்கள் அவர்கள். அதில் நீதான் மாணவி.

எண்ணூரில் மட்டுமில்லை, வேடந்தாங்கலைப் பறவைகள் வாழும் ஏரியாக வைத்திருந்ததும் ஊர்க்காரர்கள்தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் தடுக்கச் சொல்லி கலெக்டர் லியோனல் பிளேஸிடம் முறையிட்டு உரிமைச் சீட்டு வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. கருணையை விட அந்தக் கணக்கில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

எண்ணூரில் துறைமுகம், மின் நிலையம் பக்கம் கேமராவை எடுக்கவே எடுக்காதே. காவலாளி கூப்பிட்டால் வாதாடாமல் நின்று பதில் சொல். காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போது வழியை மறித்துக்கொண்டு கடற்காக்கையைப் படம் பிடிக்காதே. யாராவது தள்ளிவிட்டால் நான் அவர்கள் கட்சி. ராத்திரி கடலுக்குப் போனவர்கள் பகலில் தூங்குவார்கள். குப்பத்துச் சந்துக்குள் போனால் மெதுவாகப் பேசு. அங்கே வண்டியும் வேண்டாம், பஸ்ஸில் போ.

பைனாகுலர் வார் கழுத்தை அறுக்கிறதாமே. என் பழைய தோல் வார் பரணில் கிடக்கிறது, துடைத்து வைக்கிறேன். போகிற வழியில் வந்து வாங்கிக்கொள். சித்தி இட்லி கட்டித் தருவாள்.

உன் சித்தப்பா