திரைவழித் தொழிற்பயிற்சி

நம் சங்கத்து நண்பர்களுள் பெரும்பாலோர் படிப்பு முடிந்ததும் அலுவலகத்திலோ ஆலையிலோ ஆய்வுக்கூடத்திலோ சேரப் போகிறவர்கள். சேர்ந்ததும் பயிற்சி உண்டு. அப்பயிற்சி இன்று பல இடங்களில் கணினித் திரைக்கு வந்துவிட்டது. 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கு அதனை விரைவுபடுத்தியது. ஊரடங்கு போன பிறகும் திரை போகவில்லை.

என் அறைத் தோழர் ஒருவர் ஹிஞ்சவடியில் பணி ஏற்றார். வகுப்பறைப் பேச்சை அப்படியே படம்பிடித்து, நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் பார்க்கச் சொன்னார்கள். அவர் அதனை ஓடவிட்டுக்கொண்டே குழம்பு வைத்தார். (குழம்பு நன்றாகவே இருந்தது.) பயிற்சி முடித்ததாகச் சான்றிதழும் வந்தது. தோழரைக் குறை கூறலாமா? கைக்கு வேலை தராத பாடம் வகுப்பறையிலும் உறக்கத்தையே தரும். ஆனால் அங்கே ஆசிரியரின் கண் ஒன்று நம்மைக் காக்கும். திரையில் அக்கண் இல்லை; அதன் இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும்.

அவ்வாறு வைத்துக் காட்டியவர்கள் தொலைவில் இல்லை. புனேயிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் உள்ள பம்பாய் ஐ.ஐ.டி.யில், ஊரடங்கிற்குப் பல ஆண்டுகள் முன்பே இரண்டு முயற்சிகள் தொடங்கின. நடுவண் அரசு 2009-இல் ஏற்படுத்திய தேசியக் கல்வி இயக்கம் இரண்டிற்கும் பொருளுதவி செய்தது.

ஒன்று, பேராசிரியர் தீபக் பாடக் முன்னின்று நடத்திய, பொறியியல் கல்லூரி ஆசிரியர் பதினாயிரவருக்கான பயிற்சித் திட்டம். ஆசிரியர்கள் தத்தம் ஊருக்கு அருகிலுள்ள கல்லூரியில் கூடினர். மும்பையிலிருந்து பாடம் நேரலையாக வந்தது. கேட்ட வினாவிற்கு விடையும் உடனே வந்தது. செய்முறை மட்டும் திரையில் இல்லை. அது அந்தந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒருங்கிணைப்பாளர் முன்னிலையில் நடந்தது. அந்த ஒருங்கிணைப்பாளர்களை முன்கூட்டியே மும்பைக்கு அழைத்து நேரில் பழக்கினர். பேச்சு கம்பி வழியே போயிற்று. கைவேலை ஊரிலேயே நின்றது.

மற்றொன்று பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா நடத்திய 'ஸ்போக்கன் டுடோரியல்'. மென்பொருள் கற்பிக்கும் பாடங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிடம். திரையின் ஒரு பக்கத்தில் பாடம் ஓடும். மறுபக்கத்தில் கற்பவர் அதே மென்பொருளைத் திறந்து வைத்திருப்பார். பாடத்தை நிறுத்துவார், தாமே செய்வார், தமக்கு வந்த விடையையும் திரையில் உள்ளதையும் ஒப்பிடுவார், பிறகு தொடர்வார். ஆசிரியரின் கண் செய்த வேலையை இங்கே கற்பவரின் கையே செய்கிறது. குரல் பதிவதற்கு முன், எழுதிய பாடத்தை அத்துறை அறியாத ஒருவரிடம் கொடுத்துச் சோதிக்கும் வழக்கமும் உண்டு. நம் பேராசிரியர்கள் சிலருக்கும் இது பயன்படும்!

இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது மொழி. ஒரு வகுப்பறையில் ஒரு மொழிதான் ஆள முடியும். புனேயில் அது மராத்தி, இந்தி, ஆங்கிலம் இவற்றுள் ஒன்றாகவே இருக்கும். பதிவுசெய்த பாடத்திலோ படம் ஒன்று, குரல் பல. அப்பாடங்கள் தமிழ்க் குரலிலும் உள்ளன.

சென்ற பருவத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துப் புதிய உதவியாளர்களுக்கு நிறமாலைமானியைப் பழக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு மணி நேரப் பேச்சை ஏழு சிறு படங்களாக்கினேன். ஒவ்வொன்றின் இறுதியிலும் ஓர் அளவீடு. அந்த எண்ணை அனுப்பினால்தான் அடுத்த படம். குவார்ட்ஸ் குப்பியை ஏந்தும் முறையை மட்டும் நேரில் காட்டினேன். எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதை எந்தத் திரையும் சொல்லாது.

உதவியாளருள் ஒருவர் தருமபுரியிலிருந்து வந்த பெண். நேர் வகுப்புகளில் அவர் வாய் திறந்ததே இல்லை. அதே ஏழு படங்களுக்கும் தமிழில் குரல் தந்தேன்; ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. மறுநாள் அவரிடமிருந்து பதினொரு கேள்விகள் வந்தன. பத்திற்கு விடை எழுதினேன். பதினொன்றாவதைப் பேராசிரியரிடம் கொண்டு சென்றேன். அவரும் ஒரு நாள் தவணை கேட்டிருக்கிறார்.