தாயின் பெயரைத் தேடி

தம் முன்னோர் யாவர் என்று அறிய விரும்பாதவர் உண்டோ? இங்கிலாந்து மக்கள் இதற்காகப் பங்குக் கோவில்களின் பழைய பதிவேடுகளையும் நாடுவர். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பங்கிலும் எழுதி வைக்க வேண்டுமென்று, எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-ஆம் ஆண்டில் கட்டளையிட்டார். இவ்வேடுகளைக் கொண்டு ஒருவருடைய பெற்றோரைக் கண்டறிவது எங்ஙனம்? நாம் நன்கறிந்த ஷேக்ஸ்பியரையே எடுத்துக்கொள்வோம்.

ஸ்ட்ராட்போர்டு பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில், 1564 ஏப்ரல் 26-ஆம் நாளுக்குரிய வரி லத்தீன் மொழியில் உள்ளது. வில்லியம், ஜான் ஷேக்ஸ்பியரின் மகன் என்பது அதன் பொருள். தந்தை கிடைத்துவிட்டார். பெற்றெடுத்த தாய் எங்கே? அவ்வரியில் அவர் பெயர் இல்லை. அக்காலத்தில் தந்தையின் பெயரை மட்டும் எழுதுவதே பெரும்பாலும் வழக்கம். பெற்றோரின் திருமணப் பதிவும் கிடைக்கவில்லை.

எனவே, கோவில் ஏட்டிற்கு வெளியே தேட வேண்டியதாயிற்று. வில்ம்கோட் என்னும் ஊரினரான ராபர்ட் ஆர்டன், 1556-இல் எழுதிய உயிலில் தம் இளைய மகள் மேரிக்கு அவ்வூரில் நிலம் கொடுத்தார். 1597-இல் ஜான் ஷேக்ஸ்பியரும் அவர் மனைவி மேரியும் வில்ம்கோட் நிலத்திற்காக வழக்குத் தொடுத்தனர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தாய் யாரென்று விளங்குகிறதல்லவா? அவரே மேரி ஆர்டன். 1608-இல் கைம்பெண்ணான மேரி ஷேக்ஸ்பியர் அடக்கம் செய்யப்பட்டதை ஸ்ட்ராட்போர்டு ஏடு கூறுகிறது.

பெயர் பொருந்தியதும் தேடலை நிறுத்திவிடலாகாது. அதே ஏட்டில் ஜான் ஷேக்ஸ்பியரின் மகள் ஜோன் என்று 1558-இலும் 1569-இலும் இருமுறை காண்கிறோம். இறந்த குழந்தையின் பெயரைப் பின்னர் பிறந்த குழந்தைக்கு இடுவது அந்நாளில் உண்டு. ஆதலால் மூத்தவள் இளமையிலேயே இறந்திருக்க வேண்டும் என்பர் அறிஞர். மணம் முடித்துச் சந்ததியை விட்டுச் சென்றவள் இளையவளே. அவசரப்படுவோர் வேறொருத்தியைத் தம் பாட்டியாக்கி விடுவர்!

1813 முதல் இங்கிலாந்தில் அச்சிட்ட ஞானஸ்நானப் படிவம் வந்தது. அதில் தந்தையின் பெயரோடு தாயின் பெயருக்கும் இடம் அளித்தனர். எனினும் அவர் பிறந்த வீட்டின் குடும்பப் பெயரை அதுவும் கேட்கவில்லை. அதை அறியத் திருமணப் பதிவையோ உயிலையோ நாட வேண்டும்.

ஏட்டில் இடம் பெறாத தாய்மார் எத்தனையோ பேர்! அவர்களும் வாழ்ந்தவர்களே, மக்களைப் பெற்று வளர்த்தவர்களே. ஓர் ஏடு மௌனமாயிருந்தால் மற்றோர் ஏட்டைக் கேட்போம், பொறுமையுடன் தேடுவோம்.