ஒரே கண்ணுக்கு இரண்டு சிகிச்சையா?

கேள்வி: என் 19 வயது மகனுக்குக் கெரட்டோகோனஸ். கிராஸ்லிங்கிங் செய்து, கருவிழிக்குள் வளையமும் வைக்கவேண்டும் என்கிறார் டாக்டர். ஒன்று போதாதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டின் வேலையும் வேறு அம்மா. கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்குவதுதான் இந்நோய். கிராஸ்லிங்கிங்கில் ரிபோஃப்ளேவின் சொட்டு மருந்து விட்டுப் புற ஊதாக் கதிர் பாய்ச்சினால் கொலாஜன் இழைகள் இறுகும். பிதுக்கம் மேலும் வளராமல் நிற்கும். பார்வை பெரிதாகத் தெளிந்துவிடாது. வளையமோ கூம்பைத் தட்டையாக்கிப் பார்வையைச் சீராக்கும். ஆனால் நோயை நிறுத்தாது. அதனால்தான் சேர்த்துச் செய்கிறார்கள். வழக்கமான கிராஸ்லிங்கிங் முறைக்குக் கருவிழித் தடிமன் 400 மைக்ரானாவது வேண்டும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகும் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படலாம். இந்த வயதில் நோய் வேகமாக முற்றும், தள்ளிப்போடாதீர்கள். பையனைக் கண் கசக்க மட்டும் விடவே விடாதீர்கள்.