விசைப்பலகையும் சங்கக் கணக்கும்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர் அதன் கணக்கில் இருக்கிறது. அங்கத்தினர் செலுத்திய பங்குத்தொகை, சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பு, அடகு வைத்த நகை, அளந்து கொடுத்த சாமைக்கு வரவேண்டிய பணம் ஆகிய யாவும் சரியாக எழுதப்பட்டிருந்தால்தான் சங்கம் நிலைக்கும். முன்னாளில் இக்கணக்குப் பேரேட்டில் இருந்தது. பின்னர்ப் பல சங்கங்களில் கணிப்பொறிக்குள் சென்றது. பேரேட்டைத் திறக்கக் கை போதும். கணிப்பொறியைத் திறக்க விசைப்பலகை வேண்டும். பழைய யந்திரத்துக்கு ஏற்ற விசைப்பலகை அகப்படாத காரணத்தால் பல்லாண்டுக் கணக்கை இழப்பது எவ்வகையிலும் நியாயமன்று. ஆகையால் பழைய விசைப்பலகைகளை இனங்கண்டு, இணைத்து, உபயோகிக்கும் முறையை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

இப்பாடத்துக்கு இப்பொழுது ஒரு தனி அவசியமும் உண்டு. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை 2022 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை அங்கீகரித்தது. புதிய முறைக்குக் கணக்கை மாற்றும்போது பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. ஒப்பிடுவதற்குப் பழைய யந்திரம் வாய் திறந்தாக வேண்டும்.

1. பலகைக்குள் ஒரு தறி

விசைப்பலகையின் உள்ளமைப்பை நெசவாளர் எளிதில் அறிவர். பாவும் ஊடையும் போல, நெடுக்கில் சில மின்கோடுகளும் குறுக்கில் சில மின்கோடுகளும் அதனுள் ஓடுகின்றன. இரண்டும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு விசை உண்டு. விசையை அழுத்தினால் அவ்விடத்தில் இரு கோடுகளும் தொடும். பலகையிலுள்ள ஒரு சிறு சில்லு கோடுகளை இடைவிடாது சோதித்து, தொட்ட இடத்தின் எண்ணைக் கணிப்பொறிக்கு அனுப்பும். விசையின்மீது என்ன எழுத்து அச்சிடப்பட்டிருக்கிறது என்பதைப் பலகை அறியாது. இட எண்ணை எழுத்தாக மாற்றுவது கணிப்பொறியின் வேலை.

இதிலிருந்து பழுதைக் கண்டறியும் வழியும் பிறக்கிறது. ஒரே ஒரு விசை வேலை செய்யாவிடில், அவ்விசையின் அடியில் தூசியோ அழுக்கோ இருக்கும். தூரிகையால் துப்புரவு செய்தால் பெரும்பாலும் சரியாகும். சில விசைகள் ஒருசேர நின்றுபோனால் ஒரு கோடு அறுந்திருக்கலாம். பாவில் ஓர் இழை அறுந்தால் துணியின் நெடுகிலும் குறை தெரிவது போல்வதே இது. விசைகள் யாவும் செயலற்றுப் போனால் குற்றம் வடத்திலோ, செருகியிலோ, செருகுவாயிலோ இருக்கக் கூடும். பலகையின் பிளாஸ்டிக் பாகங்களை மண்ணெண்ணெய், பெட்ரோல் கொண்டு துடைக்கலாகாது.

2. செருகியை இனங்காணல்

ஐ.பி.எம். நிறுவனத்தின் தனிக்கணிப்பொறி 1981இல் வெளிவந்தது. அதன் விசைப்பலகைச் செருகி வட்டமானது. ஐந்து ஊசிகள் கொண்டது. 1984இல் வந்த ‘ஏ.டி.’ யந்திரத்துக்கும் அதே ஐந்து ஊசிச் செருகிதான். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் விசையின் செய்தி கணிப்பொறியை நோக்கி மட்டுமே செல்லும். பின்னதில் கணிப்பொறியும் பலகைக்குக் கட்டளை இடும்; அதன் விளக்குகளை ஏற்றுவதும் அக்கட்டளையே. எனவே செருகி பொருந்துவதைக் கண்டு பலகையும் பொருந்தும் என்று கருதலாகாது. சில பலகைகளின் அடியில் இரு முறைக்கும் மாற்றும் சிறு பொத்தான் உண்டு. அதைப் பார்க்க வேண்டும்.

1987இல் ‘பி.எஸ்.2’ என்னும் சிறிய ஆறு ஊசிச் செருகி வந்தது. இது ஏ.டி. முறையின் மொழியையே பேசுவது. ஆகவே இவ்விரண்டுக்கும் இடையே வெறும் இணைப்புத் துண்டு ஒன்று போதும். பிற்கால யந்திரங்களில் விசைப்பலகைக்குரிய வாய் ஊதா நிறம். சுட்டிக்குரியது பச்சை நிறம். இரண்டும் உருவில் ஒன்றே. மாற்றிச் செருகினால் பெரும்பாலும் வேலை நடவாது.

1996இல் வகுக்கப்பட்ட யூ.எஸ்.பி. முறை முற்றிலும் வேறு மொழி. யூ.எஸ்.பி. பலகையோடு வரும் சிறு பச்சை அல்லது ஊதாத் துண்டு மொழிபெயர்ப்பதில்லை. இரு மொழியும் அறிந்த பலகைக்கு மட்டுமே அது பயன்படும். பழைய பலகையைப் புதிய கணிப்பொறியின் யூ.எஸ்.பி. வாயில் இணைக்க, உள்ளே சில்லுடன் கூடிய மாற்றுக் கருவியே வேண்டும்.

3. இணைக்கும் முறை

முதல் விதி: வட்டச் செருகியுள்ள பலகையை இணைப்பதற்கு முன்னும் கழற்றுவதற்கு முன்னும் கணிப்பொறியை முற்றிலும் நிறுத்துக. மின்சாரம் ஓடும்போது செருகினால், தாய்ப்பலகையிலுள்ள சிறு உருகி எரிந்துபோகக் கூடும். ஊசிகள் வளைந்திருந்தால் மெதுவாக நிமிர்த்தி, செருகியின் அடையாளத்தை வாயின் அடையாளத்தோடு பொருத்தி, திருகாமல் நேராக அழுத்துக.

ஜவ்வாது மலைச் சங்கம் ஒன்றில் நேர்ந்ததை இங்கே எடுத்துக்காட்டலாம். கணிப்பொறியைத் தொடங்கியதும் விசைப்பலகை இல்லை என்ற அறிவிப்புத் தோன்றி நின்றுவிட்டது. புதிய யூ.எஸ்.பி. பலகை வாங்கிச் செருகினர், பயனில்லை. அந்தப் பழைய யந்திரம் தொடக்கத்திலேயே யூ.எஸ்.பி. பலகையை ஏற்க வேண்டுமானால், அதன் அடிப்படை அமைப்பில் அதற்கான அனுமதியை இயக்க வேண்டும். அவ்வனுமதியை இயக்கவோ வேலை செய்யும் விசைப்பலகை வேண்டும்! யந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்குப் போடலாம் என்ற யோசனையும் நிர்வாகக் குழுவில் எழுந்தது. இதற்குள், பயன்படாப் பொருள்களிடையே கிடந்த பி.எஸ்.2 பலகை ஒன்று அயலிலிருந்து கிடைத்தது. அதை இணைத்ததும் யந்திரம் இயங்கியது. கணக்கை அச்சிட்டு ஒப்பிட்டபோது, புளி சேகரித்து விற்கும் அம்மையார் ஒருவரின் பழைய சேமிப்புத் தொகை புதிய பதிவில் ஏறாதிருந்தது தெரியவந்தது; உடனே ஏற்றப்பட்டது. பலகை கிடைத்திராவிடில் அத்தொகைக்கு அவரிடம் இருந்த சாட்சி அவருடைய சொல் ஒன்றே.

4. தமிழ் எழுத்தும் விசையும்

பலகை இட எண்ணை மட்டுமே அனுப்புவதால், ஆங்கில எழுத்துப் பொறித்த எந்தப் பழைய பலகையிலும் தமிழ் தட்டலாம். தட்டச்சுப் பயின்றவர் ‘கொ’ என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என்று கண்ணால் காணும் வரிசையில் தட்டுவர். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற ‘தமிழ் 99’ முறையில் ககரத்தையும் ஒகரத்தையும் தட்டினால் போதும். ஒலியின் வரிசையே எழுத்தின் வரிசை. ஆனால் பழைய கோப்புகளில் ஓர் இடையூறு உண்டு. அக்காலத்து எழுத்துருக்கள் பல தமக்கெனத் தனிக் குறியீடு கொண்டவை. அக்கோப்பைப் புதிய யந்திரத்தில் திறந்தால் அங்கத்தினர் பெயர்கள் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். கோப்பு கெட்டதென்று அழித்துவிடலாகாது. ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கொண்டு பெயர்களை மீட்கலாம்.

5. சங்கம் செய்ய வேண்டுவன

பழைய யந்திரத்தை விற்பதற்கு முன் அதன் கணக்கு முழுவதையும் அச்சிட்டும், இரு வேறு இடங்களில் நகலெடுத்தும் வைத்தல் வேண்டும். பொருந்தும் விசைப்பலகை ஒன்றைச் சோதித்து, துணியில் சுற்றி, யந்திரத்தின் பெயரெழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். இடி மழைக் காலத்தில் வேலை முடிந்ததும் மின் செருகியைக் கழற்றிவிட வேண்டும். இவற்றைப் பொருட்பதிவேட்டில் குறித்தால், காரியதரிசி மாறினாலும் காரியம் கெடாது.

வகுப்பில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. நம் சங்கத்தின் பழைய கணக்கு எந்த யந்திரத்தில் உள்ளது? அது இன்று இயங்குகிறதா?

2. அதன் விசைப்பலகைச் செருகி எவ்வகையினது? மாற்றுப் பலகை கையிருப்பில் உண்டா?

3. நம் கைச்சிட்டையிலுள்ள தொகையும் சங்கப் பதிவிலுள்ள தொகையும் ஒத்திருக்கின்றனவா?

மூன்றாவது வினாவுக்கு விடை காண ஒவ்வோர் அங்கத்தினரும் தத்தம் சிட்டையுடன் சங்கக் காரியாலயத்துக்குச் செல்வாராக. கேட்பது அவர் உரிமை. காட்டுவது சங்கத்தின் கடமை.