மரபு விதியும் பருத்தி விதையும்

நன்கு விளைந்த வீரிய ஒட்டுப் பருத்தியின் விதையையே எடுத்து வைத்து மறு ஆண்டு விதைக்கலாகாதா என அங்கத்தினர் பலர் வினவுகின்றனர். செலவைக் குறைக்க விழைவது நியாயமே. ஆயினும், கல்லூரியில் மரபியலின் முதற்பாடமாகக் கற்பிக்கப்படும் விதி ஒன்று இதற்குத் தெளிவான விடை தருகிறது. அதனை நாம் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

அந்நாளைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த புரூன் நகர மடத்துத் துறவி கிரிகோர் மெண்டல், 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளில் சோதனைகள் நடத்தினார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் அவர் இணைத்தபோது, முதல் தலைமுறை விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. அவற்றை விதைத்துப் பெற்ற 7,324 விதைகளிலோ 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று.

காரணம் யாது? ஒவ்வொரு பண்புக்கும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு கூறுகள் உண்டு. இவையே இன்று மரபணுக்கள் எனப்படுகின்றன. இரண்டும் வேறுபடின் ஒன்று மேலோங்கும். மற்றது அழியாது மறைந்திருக்கும். மறைந்த கூறுகள் இரண்டு பின்னர் ஒன்று சேருமிடத்து அப்பண்பு மீண்டும் தோன்றும்.

பருத்திக்கும் இதுவே விதி. 1970-இல் சூரத் ஆராய்ச்சி நிலையம் அளித்த எச்-4 வாணிபத்துக்கு வந்த முதல் வீரிய ஒட்டுப் பருத்தியாகும். இத்தகைய விதையை ஆக்க, மாலையில் மொட்டின் மகரந்தப் பைகளைக் கையால் நீக்கி, மறுநாட் காலை வேறொரு செடியின் மகரந்தத்தைச் சேர்க்கின்றனர். அவ்விதையின் செடிகள் ஒரு சீராக வளரும். அச்செடிகளின் விதையை விதைத்தாலோ, பண்புகள் பிரிந்து, செடிக்குச் செடி காய்ப்பும் இழை நீளமும் வேறுபடும், மகசூல் குறையும். நெசவாளர்க்கும் இதனால் இழப்பே. நெட்டிழையும் குற்றிழையும் கலந்த பஞ்சில் நூல் சீராக அமையாது. பாவில் இழை அடிக்கடி அறும்.

1974-இல் வெளிவந்த சுவின் பருத்தியும் இரு ரகங்களின் கலப்பில் பிறந்ததே. ஆனால் அது தலைமுறை தோறும் தேர்ந்தெடுத்து நிலைப்படுத்தப்பட்ட ரகம். இத்தகைய ரகங்களின் விதையைச் சேமிக்கலாம். எனினும் தேனீக்கள் அண்டை வயலின் மகரந்தத்தைக் கொணருமாதலால், விதைக்கென விடும் வயலைச் சுற்றிலும் அதே ரகம் இருத்தல் வேண்டும்.

ஆகவே, வாங்குவது ஒட்டா, ரகமா என்பதை முதலில் கேட்டறிவோம். ஒட்டாயின் ஆண்டுதோறும் புது விதை. ரகமாயின் தூய்மை காத்த சொந்த விதை. அத்தூய்மையைத் தனியொருவர் காத்தல் அரிது. அண்டை வயலாரும் கூடினாலன்றி அது கைகூடாது.